காற்று ஒன்று, சேதம் வேறு

2013 மே 20 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் மூர் என்ற புறநகரை ஒரு டொர்னாடோ கடந்து போனது. 24 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இல்லாமல் போயின. அமெரிக்க வானிலைத் துறை அதற்கு உச்ச மதிப்பீடான இஎஃப்-5 கொடுத்தது. பதினோரு நாள் கழித்து, அதே வட்டாரத்தில் எல் ரீனோ என்ற ஊருக்குப் பக்கத்தில் இன்னொன்று இறங்கியது. அதன் அகலம் 4.2 கிலோமீட்டர். அமெரிக்காவில் பதிவானவற்றில் அதுதான் மிக அகலமானது. நடமாடும் ரேடார்கள் அதனுள் மணிக்கு ஏறத்தாழ 480 கி.மீ. வேகத்தை அளந்தன. ஆனால் அதிகாரபூர்வ மதிப்பீட்டில் அது வெறும் இஎஃப்-3.

காரணம் எளியது. எல் ரீனோவில் காற்று ஓடியது பெரும்பாலும் கோதுமை வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும். அங்கே இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் சிக்கியவர்கள். டொர்னாடோ ஆய்வில் பெயர் பெற்ற டிம் சமாராஸும் அவர்களில் ஒருவர். இஎஃப் அளவுகோல் காற்றை நேரடியாக அளப்பதில்லை. எது உடைந்தது, எப்படி உடைந்தது என்று பார்த்து, அதை உடைக்க எவ்வளவு வேகம் தேவைப்பட்டிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. உடைவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை.

இந்தத் தலைகீழ்க் கணக்கைத் தொடங்கி வைத்தவர் தெத்சுயா ஃபுஜிதா. ஜப்பானில் பிறந்தவர்; அணுகுண்டு விழுந்த பிறகு நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய், மரங்கள் சாய்ந்த திசையைப் பார்த்தே குண்டு எங்கே, எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று ஆராய்ந்தவர். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து சிறு விமானங்களில் பறந்து, டொர்னாடோ போன தடத்தை மேலிருந்து படம் பிடித்தார். சோள வயல்களில் சுருள் சுருளாகக் கோடுகள் தெரிந்தன. பெரிய சுழலுக்குள்ளேயே சின்னச் சின்னச் சுழல்கள் ஓடுகின்றன என்ற முடிவுக்கு அந்தக் கோடுகள்தான் அவரைக் கொண்டுபோயின. ஒரு வீடு தரைமட்டமாக, பக்கத்து வீட்டில் பூந்தொட்டிகூட அசையாமல் நிற்பதைத் தெய்வச் செயல் என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1971இல் அவர் தந்த அளவுகோலைத் திருத்தி, 28 வகைக் கட்டடங்களையும் மரங்களையும் சான்றாகக் கொள்ளும் இன்றைய வடிவத்தை 2007இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

மூருக்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் எந்த டொர்னாடோவுக்கும் இஎஃப்-5 கிடைக்கவில்லை. காற்று திடீரென்று சாதுவாகிவிட்டதா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். 2025 ஜூனில் வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் அருகே வீசியதற்குத்தான் அடுத்த இஎஃப்-5 கிடைத்தது. அதற்குச் சாட்சி சொன்னது வீடு அல்ல. தூக்கி வீசப்பட்ட சரக்கு ரயில் பெட்டிகள். பெட்டியின் எடை தெரியும், அது போய் விழுந்த தூரம் தெரியும், மிச்சம் கணக்கு.

டொர்னாடோ சேதத்தைப் பற்றி யோசிக்கும்போது இதை முதலில் பிடித்துக்கொள்வது நல்லது. வங்கக் கடல் புயலைப் போல அது பல மாவட்டங்களை ஒருசேர மூடுவதில்லை. சில நூறு மீட்டரோ, மிஞ்சினால் சில கிலோமீட்டரோ அகலமுள்ள ஒரு பட்டை. ஓர் இடத்தைக் கடக்க ஓரிரு நிமிடம். அந்தப் பட்டைக்குள் எது நின்றது, அது தரையோடு எப்படிப் பிணைந்திருந்தது, அதற்குள் யார் குடியிருந்தார்கள் என்பவைதான் மறுநாள் காலையில் நாம் பார்க்கும் சேதத்தைத் தீர்மானிக்கின்றன.

அமெரிக்கப் புறநகர் வீடு மரச்சட்டத்தில் எழும்புவது. வெளியே செங்கல் தெரிந்தாலும் அது பெரும்பாலும் ஒரு போர்வைதான். கூரையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரம். காற்று முதலில் நுழைவது பல வீடுகளில் கார் நிறுத்துமிடத்தின் அகலமான கதவு வழியாக. மெல்லிய தகரக் கதவு உள்ளே மடங்கியதும் காற்று புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளுகிறது. மேலே ஓடும் காற்றும் அதையே இழுக்கிறது. கூரைச் சட்டம் சுவரோடு இரண்டு மூன்று ஆணிகளால் மட்டும் இணைக்கப்பட்டிருந்தால் அங்கேயே கழன்றுகொள்ளும். கூரை போனதும் சுவர்களுக்குப் பிடிப்பில்லை. ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் சாயும். வீட்டுக்குள்ளும் வெளியிலும் காற்றழுத்தம் சமமானால் வீடு வெடிக்காது, அதனால் ஜன்னலைத் திறந்துவை என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தார்கள். வீடு அழுத்த வித்தியாசத்தால் வெடிப்பதில்லை. காற்று தள்ளி, இழுத்து உடைக்கிறது. ஜன்னலைத் திறக்க ஓடியவர்கள் கண்ணாடிக்கு எதிரே போய் நின்றதுதான் மிச்சம்.

இடிந்த வீடுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் டிம் மார்ஷல் போன்ற பொறியாளர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அடித்தளத்தின் விளிம்பை. கான்கிரீட்டிலிருந்து போல்ட் நீட்டிக்கொண்டிருக்கிறதா, அதில் நட்டும் வாஷரும் இருக்கின்றனவா, அல்லது மரத்தை வெறும் ஆணியால் அடித்து நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். போல்ட் நிற்கும், நட்டு மட்டும் இருக்காது; கட்டியவர் முடுக்க மறந்திருப்பார். அப்படிப்பட்ட வீடு மொத்தமாகப் பெயர்ந்து போயிருந்தாலும் அதற்காக உச்ச மதிப்பீடு தரமாட்டார்கள். அதைச் சாய்க்க அவ்வளவு பெரிய காற்று தேவையில்லை. 'வீட்டை அடியோடு பெயர்த்த ராட்சசக் காற்று' என்று செய்தியில் வருவதில் பாதி, கட்டுமானக் கோளாறு பற்றிய செய்தி.

மூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999 மே 3, 2003 மே 8, 2013 மே 20 என்று பெரிய டொர்னாடோக்கள் அந்த ஊரைத் திரும்பத் திரும்பத் தாக்கின. 1999இல் வந்தது 36 உயிர்களைக் கொண்டுபோனது. மூன்றாவது அடிக்குப் பிறகுதான், 2014இல், மூர் நகராட்சி தன் கட்டட விதியை மாற்றியது. புதிய வீடுகள் மணிக்கு 145 கி.மீ. அல்ல, 217 கி.மீ. காற்றைத் தாங்க வேண்டும்; கூரைச் சட்டத்தையும் சுவரையும் உலோகப் பட்டைகளால் பிணைக்க வேண்டும்; கார்க் கதவு உறுதியானதாக இருக்க வேண்டும். இஎஃப்-5 காற்றை இது தடுக்காது. ஆனால் பெரிய டொர்னாடோவின் பட்டையிலும் உச்ச வேகம் படுவது நடுவில் ஒரு சிறு பகுதியில்தான். ஓரங்களில் உள்ள வீடுகளே அதிகம், அவற்றைக் காப்பாற்றலாம். சதுர அடிக்கு ஒரு டாலர் அளவில்தான் கூடுதல் செலவு என்று கணக்கிட்டார்கள். வீட்டு விலை ஏறும், வாங்க ஆள் வரமாட்டார்கள் என்று கட்டுமானக்காரர்கள் பயந்தார்கள். பொருளியல் ஆய்வாளர்கள் பின்னர் பார்த்தபோது வீட்டு விற்பனையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. இருந்தும் சுற்றுப்புற ஊர்கள் வரிசையில் வந்து நின்றுவிடவில்லை.

2013இல் மூரின் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஏழு குழந்தைகள் இறந்தார்கள். பள்ளியில் பாதுகாப்பு அறை இல்லை. ஓக்லஹோமாவின் களிமண் நிலத்தில் நிலவறை தோண்டுவது கடினம், செலவு அதிகம் என்ற நம்பிக்கை பழையது. கன்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் சாதாரணமாக இருக்கும் நிலவறை அங்கே அரிது. இதன் மறுபக்கத்தை 2024 ஏப்ரல் 26இல் பார்க்க முடிந்தது. நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரின் எல்க்ஹார்ன் புறநகர்ப் பகுதியில் இஎஃப்-4 வகை டொர்னாடோ புதிய குடியிருப்புகளை வரிசையாகப் பிய்த்தெறிந்தது. அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. பகல் நேரம், போதிய எச்சரிக்கை, வீட்டுக்கு வீடு நிலவறை, எல்லாம் ஒன்றுகூடி வந்தன. இடிந்த வீடுகளின் படங்களை மட்டும் பார்த்தால் மூருக்கும் எல்க்ஹார்னுக்கும் வித்தியாசம் தெரியாது.

புறநகர்கள் பரவுவதே ஒரு தனிக் காரணம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வயலாக இருந்த இடம் இன்று இரண்டாயிரம் வீடுகள். அதே டொர்னாடோ அதே பாதையில் இன்று வந்தால் மோதுவதற்கு எத்தனையோ மடங்கு பொருள் இருக்கிறது. வாக்கர் ஆஷ்லி, ஸ்டீபன் ஸ்ட்ரேடர் போன்ற புவியியலாளர்கள் இதை அம்பு எய்யும் பலகையின் மையம் விரிந்துகொண்டே போவதாக விளக்குகிறார்கள். பருவநிலை மாற்றத்தின் பங்கு இன்னும் விவாதத்தில்தான். டொர்னாடோ வரும் நாட்கள் குறைந்து, ஒரே நாளில் பல வருவது கூடியிருக்கிறது. டொர்னாடோ அதிகம் வரும் பகுதியின் மையம் பெருஞ்சமவெளியிலிருந்து கிழக்கே, மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் நகர்கிறது என்று தரவுகள் காட்டுகின்றன. ஆனால் சேதத் தொகை ஏறிக்கொண்டே போவதற்கு வானத்தைவிடத் தரைதான் அதிகப் பொறுப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மையம் கிழக்கே நகர்வது ஏன் கவலைக்குரியது என்றால், அங்கேதான் மொபைல் ஹோம் எனப்படும் வீடுகள் மிகுதி. பெயரில்தான் நடமாட்டம், தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து ஒருமுறை இறக்கினால் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கான்கிரீட் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும்; மண்ணில் திருகிய இரும்பு நங்கூரங்களோடு பட்டைகளால் கட்டப்பட்டிருக்கும். பட்டை துருப்பிடிக்கும், நங்கூரம் ஈர மண்ணில் தளரும். வந்து பார்க்க ஆளில்லை. 1992இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவில் இத்தகைய வீடுகளை நசுக்கிய பிறகு, 1994இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. ஆனால் கடலோரத்துக்கு மட்டும். டொர்னாடோ வரும் உள்நாட்டுக்குப் பழைய, குறைந்த காற்று அளவே போதும் என்று விட்டுவிட்டார்கள். 2019 மார்ச் 3 அன்று அலபாமாவின் லீ கவுண்டியில் 23 பேர் இறந்தபோது, அவர்களில் 19 பேர் இத்தகைய வீடுகளில் இருந்தவர்கள். அமெரிக்கக் குடியிருப்புகளில் மொபைல் ஹோம்கள் ஆறு சதவீத அளவுதான். வீட்டுக்குள் இருந்து டொர்னாடோவில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் அவற்றில் இருந்தவர்கள்.

1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில், தௌலத்பூர் – சாத்துரியா பகுதியில் வீசிய டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். உலகில் பதிவான டொர்னாடோக்களில் அதிக உயிர்களைப் பறித்தது அதுதான். அங்கே எச்சரிக்கை இல்லை, ஒதுங்க இடமில்லை. தகரக் கூரைத் தகடுகளே கத்திகளாகப் பறந்தன. அலபாமாவிலிருந்து மாணிக்கஞ்ச் வெகு தூரம். ஆனால் லேசான வீட்டில் ஏழைகள் இருப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இப்போது கிராமப்புறத்துக்கு வருவோம். இங்கே சேதம் செய்திப் படத்துக்குள் அடங்காது. பண்ணைக்காரர் முதலில் போய்ப் பார்ப்பது பெரும்பாலும் வேலியை. முள்கம்பி அறுந்தால் மாடுகள் நெடுஞ்சாலைக்குப் போய்விடும். இருட்டில் லாரி மோதும். காலியாக நின்ற தானியக் குதிர்கள் தகரப் பந்தாக மைல் கணக்கில் உருண்டிருக்கும். வயலெங்கும் பக்கத்து ஊர்களின் வீடுகள் துண்டு துண்டாகக் கிடக்கும்: கூரைத் தகடு, ஆணி, கண்ணாடியிழைப் பஞ்சு. பெரியவற்றைப் பொறுக்கிவிடலாம். ஆணிகளும் கம்பித் துண்டுகளும் புல்லோடு சேர்ந்து வைக்கோல் கட்டுக்குள் போய்விடும். மாடு மென்று பார்த்து விழுங்கும் பிராணி அல்ல. உள்ளே போன இரும்பு இரண்டாம் இரைப்பையில் தங்கி, சுவரைக் குத்தி, பக்கத்திலிருக்கும் இதயம் வரை போகும். அதனால் மாட்டின் வாய் வழியாக விரல் நீளக் காந்தம் ஒன்றை விழுங்க வைக்கிறார்கள். அது இரைப்பையிலேயே கிடந்து ஆணிகளைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். டொர்னாடோ போய்ப் பல மாதம் கழித்தும் கால்நடை மருத்துவர்கள் இந்தக் காந்தத்தைப் பரிந்துரைக்கிறார்கள். எந்தச் சேதக் கணக்கிலும் இது வராது.

இடிபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதும் ஆச்சரியமானது. 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவில் பறந்த குடும்பப் படங்களையும் காசோலைகளையும் உரியவர்களிடம் சேர்க்க மக்கள் ஃபேஸ்புக்கில் பக்கம் தொடங்கினார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பக்கத்தையே தரவாக எடுத்துக்கொண்டு, ஒரு புகைப்படம் 300 கிலோமீட்டருக்கு மேல் பறந்து டென்னசியில் விழுந்ததைக் கண்டறிந்தார்கள்.

உடலுக்குள் போகும் இடிபாடும் உண்டு. 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளினில் 158 பேர் நேரடியாக இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் காயத்துக்குள் மண்ணும் மரத்தூளும் ஆழமாகப் புகுந்திருந்தன. தைத்து மூடிய காயங்களில் வெள்ளைப் பூஞ்சை வளர்ந்தது. மியூகோர்மைகோசிஸ். கோவிட் காலத்தில் கருப்புப் பூஞ்சை என்று நாம் கேட்டுப் பயந்த நோயின் தோல்வழி வடிவம். 13 பேருக்கு வந்து 5 பேர் இறந்தார்கள்.

அதே ஊரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் சட்டகம் விழாமல் நின்றது. ஆனால் ஜன்னல்கள் எல்லாம் போய், மின்சாரமும் மாற்று ஜெனரேட்டரும் செத்து, செயற்கை சுவாசத்தில் இருந்த நோயாளிகள் இறந்தார்கள். கட்டடத்தைப் பின்னர் இடித்துவிட்டார்கள். அபாயச் சங்குக்கும் அன்று பெரிய மதிப்பு இருக்கவில்லை. அடிக்கடி ஊதிப் பழகிய சங்கு. பலர் வெளியே வந்து வானத்தைப் பார்த்த பிறகே ஒதுங்கினார்கள். ஜாப்ளினை ஆராய்ந்த தேசியத் தரநிலை நிறுவனத்தின் உழைப்பால், 2022ஆம் ஆண்டுக் கட்டடத் தரநிலையில் முதன்முறையாக டொர்னாடோ காற்றுக்கென்று ஓர் அத்தியாயம் சேர்ந்தது. மருத்துவமனை, பள்ளி போன்றவற்றுக்கு அது பொருந்தும். சாதாரண வீடுகளுக்குப் பொருந்தாது.

மீள்வதில்தான் புறநகரும் சிற்றூரும் முழுதாகப் பிரிகின்றன. மூரின் மக்கள்தொகை 2000இல் 41,000. இத்தனை அடிக்குப் பிறகும் 2020இல் 62,000ஐத் தாண்டியது. பெருநகரின் வேலை பக்கத்தில் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, நிலத்துக்கு விலை இருக்கிறது. கன்சாஸின் கிரீன்ஸ்பர்க் என்ற கோதுமை ஊரைப் பாருங்கள். 2007 மே 4 இரவு, ஊரைவிட அகலமான டொர்னாடோ அதன் 95 சதவீதத்தைத் துடைத்துவிட்டது. முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கையாலும் நிலவறைகளாலும் இறப்பு 11 பேரோடு நின்றது. பிறகு நாடே கைதட்டும்படி பசுமை ஊராகத் தன்னைக் கட்டிக்கொண்டது: காற்றாலை மின்சாரம், உச்சச் சான்றிதழ் பெற்ற நகர மன்றம், பள்ளி, மருத்துவமனை. 2000இல் 1,574 பேர் இருந்த ஊர், 2010இல் 777 ஆனது, 2020இல் 740. டொர்னாடோவுக்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்த ஊர்தான். இருபது ஆண்டுகளில் மெல்ல நடக்க வேண்டியதை ஒரே இரவு முடித்துவிட்டது. முதியவர்கள் வேறு ஊரில் பிள்ளைகளோடு போய்த் தங்கினார்கள். பழைய மலிவு வீடு போனால் அதே விலையில் புது வீடு கிடைக்காது. பசுமைக் கட்டடம் வேலைவாய்ப்பு ஆகாது என்பதை நேர்த்தியான அந்தப் புகைப்படங்கள் சொல்வதில்லை.

ஒற்றைத் தொழிற்சாலையை நம்பிய ஊர்களின் பாடு இன்னும் மோசம். அலபாமாவின் ஹாக்கில்பர்க்கில் 2011இல் அழிந்த ஜீன்ஸ் கிடங்குதான் ஊருக்குப் பெரிய முதலாளி. நிறுவனம் திரும்பக் கட்ட முன்வந்ததால் ஊர் தப்பியது. கென்டக்கியின் மேஃபீல்டில் 2021 டிசம்பர் 10 இரவு, கிறிஸ்துமஸ் அவசரத்துக்காக ஓடிக்கொண்டிருந்த மெழுகுவர்த்தித் தொழிற்சாலை இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். கிளம்பினால் வேலை போகும் என்று மேலாளர்கள் சொன்னதாகத் தொழிலாளர்கள் சிலர் கூறினார்கள், நிறுவனம் மறுத்தது. அதே ஊரில் தானியக் கிடங்கும் கோழிக்குஞ்சுப் பொரிப்பகமும் சேதமாயின. தன் நிலத்தில் ஒரு சருகுகூட அசையாத விவசாயிக்கும் தானியத்தைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை.

மிசிசிப்பியின் ரோலிங் ஃபோர்க், இரண்டாயிரம் பேருக்கும் குறைவான, கறுப்பின மக்கள் பெரும்பான்மையான ஊர். 2023 மார்ச் 24 இரவு இஎஃப்-4 வகை அதைக் கலைத்துப் போட்டது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஊரில் வேறு வீடே மிச்சமில்லை. பக்கத்து ஊர் மோட்டல்களில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அமெரிக்கத் தென்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் நம் ஊர்ப் பூர்வீக வீட்டைப் போல, உயிலோ பத்திரமோ இல்லாமல் தலைமுறையாகக் கைமாறிய நிலம் கறுப்பினக் குடும்பங்களிடம் நிறைய இருக்கிறது. வீடு உன்னுடையது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டுப் பேரிடர் நிவாரண அமைப்பான ஃபீமா ஆண்டுக்கணக்கில் விண்ணப்பங்களைத் தள்ளியது. 2021இல்தான் விதியைத் தளர்த்தி, வேறு சான்றுகளையும் ஏற்கத் தொடங்கியது. வீடே பறந்துபோன பிறகு வரி ரசீதைத் தேடச் சொன்னவர்களுக்கு அது தோன்ற இவ்வளவு காலம் ஆயிற்று.

செய்யக்கூடியது என்ன என்பதில் பெரிய மர்மம் இல்லை. அலபாமா 2010 முதல் புதிய பள்ளிகளில் பாதுகாப்பு அறையைக் கட்டாயமாக்கியது. தனி வீட்டில் எஃகு அறையோ நிலத்தடி அறையோ வைக்கச் சில ஆயிரம் டாலர் ஆகும். அதற்கு ஃபீமா மூலம் மானியம் உண்டு. பல இடங்களில் முதலில் கைக்காசைப் போட்டுக் கட்டிவிட்டு, பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அலபாமா 2021இல் வருமான வரியில் 3,000 டாலர் வரை கழிவு கொடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாடகை மனையில் மொபைல் ஹோமை நிறுத்தியிருப்பவருக்குத் தோண்ட நிலம் சொந்தமில்லை. கழித்துக்கொள்ளும் அளவுக்கு வரியும் அவர் கட்டுவதில்லை. அவருக்கு மிஞ்சுவது ஊர்ப் பொதுப் பாதுகாப்பு அறை. அது எத்தனை மைல் தள்ளி இருக்கிறது, இரவு பதினொரு மணிக்கு அதன் சாவி யாரிடம் இருக்கிறது, எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் இடையே கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கார் இல்லாத குடும்பம் எப்படி அங்கே போய்ச் சேரும் என்பதை ஒவ்வொரு கவுண்டியும் தன் செலவில், தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்கிறது.